கவ்வாத்து வெட்டாத வருஷம்

செம்பாக்கத்தில் என் செடி தினமும் மத்தியானம் செத்துப்போகும். சாயந்தரம் பிழைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கும். உச்சி நேரத்தில் பார்த்தால் நனைத்துப் பிழிந்து போட்ட துணி மாதிரி தொட்டி விளிம்பில் கிடக்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று வரத் தொடங்கியதும், யாரோ பின்னாலிருந்து தூக்கி நிறுத்தியதுபோல எழுந்துகொள்ளும். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோது பார்த்துப் பதறிப்போய் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மண் ஈரமாகத்தான் இருந்தது. செடிக்குத் தாகம் இல்லை, வெயில்தான் தாங்கவில்லை. ஊற்றி ஊற்றி ஒரு செடியை வேர் அழுகவைத்துக் கொன்றேன். கொண்டுவந்தது இரண்டு. மிச்சம் ஒன்று. மலையில் மத்தியானம் என்றால் மூட்டம் இறங்குகிற நேரம். மத்தியானத்தில் சாகிற செடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எப்போது இங்கிருந்து போனேன், திரும்பி வருவதற்கு? நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். என் அப்பனும் அங்கேதான் பிறந்தான். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் இந்தப் பக்கத்துப் பங்கில் விழுந்தேன். அங்கே கடைத்தெருவுக்குப் போனால் இந்தியாக்காரன் என்பார்கள். இங்கே தெருமுனைக் கடையில் எனக்குப் பெயர் சிலோன்காரர். என் பெயரைக் கேட்டவர்கள் இந்தத் தெருவில் குறைவு. இதைத் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களும் படிப்பீர்கள், கப்பலேறி வந்து எங்கெங்கோ சிதறிக் கிடப்பவர்களும் படிப்பீர்கள். இனிப்பாக எழுத எனக்கு வராது. அப்படி வேண்டுமென்றால் வேறு யாரையாவது படித்துக்கொள்ளுங்கள்.

செடியின் பெயர் ஹைட்ரேஞ்சியா. தோட்டத்தில் நாங்கள் அய்டரேஞ்சா என்போம். துரை பங்களாவைச் சுற்றி வேலி மாதிரி நிற்கும். ஒவ்வொரு பூவும் ஒரு காலிஃபிளவர் அளவுக்குக் கொத்தாக, மழைக்கு முந்தின வானம் மாதிரி நீலமாக இருக்கும். அந்த பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவள் என் மனைவி பாக்கியம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு அங்கேதான் வேலை. துரைசாணி பக்கத்தில் நின்று சொல்லுவாள், இவள் மண் போடுவாள், கிளை ஒடிப்பாள், பதியன் வைப்பாள். நான் மலையில் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மேசைபோல வெட்டிவிடுகிற வேலை. நான் வெட்டிய நிரையை யாரும் குறை சொன்னதில்லை. பூவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

கிளம்புகிறபோது பாக்கியம் நகையைப் பற்றிப் பேசவில்லை, பாத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் செடியில் இரண்டு கம்பு ஒடித்து எடுத்துக்கொண்டாள். கப்பலில் மடியிலேயே வைத்திருந்தாள். இந்தப் பக்கம் இறங்கியதும் சோதனை போட்டவர் அந்தக் கம்பைத் தட்டிப் பார்த்து, “இதுக்குள்ள என்னம்மா வச்சிருக்கே?” என்றார். அவள் அழுதாள். அழுதது கம்புக்காக இல்லை. எங்கள் ஒரே மகள் சரசு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். அவள் புருஷன் வீட்டாருக்கு அங்கத்துக் குடியுரிமை கிடைத்தது, எங்களுக்கு இங்கத்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த தாயையும் மகளையும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டார்கள். அதை எழுதும்போது இப்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. வருத்தத்தில் இல்லை, கோபத்தில்.

மண்டபம் முகாமிலிருந்து அலைந்து கடைசியில் தாம்பரம் பக்கம் வந்து சேர்ந்தோம். எனக்குப் பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. காலையில் மின்சார ரயிலில் போய்ச் சாயந்தரம் திரும்புவேன். என்மீது வீசும் நாற்றத்துக்கு ரயிலில் எனக்குத் தனி இடம் கிடைக்கும். செம்பாக்கத்தில் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் குடியிருந்தோம். பாக்கியம் நாள் முழுக்க அந்த அறையில் தனியாக இருந்தாள். அங்கே மலையில் காலையிலிருந்து மாலைவரை நூறு பெண்களின் சத்தத்துக்கு நடுவே இருந்தவள். இங்கே பேச ஆள் இல்லை. பேசினாலும், “உங்க தமிழ் ஒரு மாதிரி இருக்கே” என்று சிரித்தார்கள். அதன்பிறகு என்னோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசினால் ஒரே பேச்சுதான். மகளிடம் போகவேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் அந்தப் பேச்சைக் கேட்டதும் எரிந்து விழுந்தேன்.

“இங்க பாரு, இந்தச் செடி இந்த மண்ணுல பூத்துச்சுன்னா நாமளும் இங்கதான். பூக்கலேன்னா நீ மககிட்டயே போயிரு. நான் தடுக்க மாட்டேன்.”

கோபத்தில் சொன்ன வார்த்தை. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தான்.”

“சரி” என்றாள். விசா எடுத்துப் போய், நாள் முடிந்த பிறகும் உறவுக்காரர் லயத்தில் ஒளிந்து தங்கிவிட்டவர்கள் எங்கள் ஆட்களில் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அன்றிலிருந்து அந்தச் செடி பூக்கவேண்டும் என்பது எனக்கு வெறியாகிவிட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் செடி ஒரு வேடிக்கை. எஸ்தர் டீச்சர் கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் வந்தவர். முதல் நாளே பார்த்துவிட்டு, “ஓ, ஹைட்ரேஞ்சியா! இதெல்லாம் ஹில் ஸ்டேஷன் ஃப்ளவர் ஆச்சே. இந்த கிளைமேட்டுக்கு வரவே வராது. எதுக்கு டைம் வேஸ்ட் பண்றீங்க?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது, ‘நீங்களும் இங்கே வரமாட்டீர்கள்’ என்று சொன்னதுபோல இருந்தது. “வரும் டீச்சர்” என்று மட்டும் சொன்னேன். கோடையில் அவர் கிணற்றில் தண்ணீர் இறங்கியபோது, “நாங்க குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க செடிக்கு வாளி வாளியா ஊத்தறீங்க” என்று கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் என்று ஊற்றிக் காப்பாற்றினேன். கோவளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவந்து மீன் விற்கும் அஞ்சலை இன்னும் மோசம். நன்றாகத் தழைத்து நிற்கிற செடியைப் பார்த்து, “இன்னாண்ணா, கீரையா இது? கடைஞ்சு துன்னலாமா?” என்பாள். இல்லை, பூச்செடி என்றால், “பூ எங்க கீது?” என்று இலையை விலக்கித் தேடிவிட்டுச் சிரிப்பாள்.

பூ இல்லைதான். இலை மட்டும் குறைவில்லாமல் வந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் சமயத்தில், பொங்கலுக்கு முன்னால், என் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி அதை ஒரே மட்டமாக வெட்டிவிடுவேன். அந்தக் கத்தியையும் நான் கொண்டுவந்திருந்தேன். வெட்டினால்தான் செடிக்குப் புது ரத்தம் ஓடும் என்பது என் கைக்குத் தெரிந்த ஒரே பாடம். தேயிலையில் பூ வந்தால் அது அவமானம். கவனிப்பில்லாத செடிதான் பூக்கும். பூத்த செடியைக் கண்டால் கங்காணி நம்மைத்தான் ஏசுவான். இலை வேண்டும், கொழுந்து வேண்டும், பூ வரக்கூடாது. அதற்காகத்தான் கவ்வாத்து. யோசித்துப் பாருங்கள், பூ வராமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகச் செய்தவன் ஒருவன், பூ வரவேண்டும் என்று அதே கத்தியால் வெட்டிக்கொண்டிருக்கிறான். வெட்டிய இடத்தில் கொழுகொழுவென்று தளிர் வரும். “பார்த்தியா பாக்கியம், என்னா கொழுந்து!” என்பேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, “ம்” என்பாள்.

அப்படி இரண்டு முறை வெட்டினேன். இரண்டு முறையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வெட்டிப்போட்ட கிளைகளைக் கூட்டி அள்ளிக் கொட்டினாள்.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் சரசுவுக்குப் பிள்ளைப்பேறு என்று தகவல் வந்தது. செடி பூக்கவில்லை, நான் சொன்ன வார்த்தை என் கழுத்தைப் பிடித்தது. மூன்று மாத விசாவில் அனுப்பச் சம்மதித்தேன். இராமேஸ்வரம் போகிற ரயில் தாம்பரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் மடியில் பிள்ளைக்குத் தைத்த சட்டைகள். என்ன பேசுவதென்று தெரியாமல், ரயில் எப்போது கிளம்பும் என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவளே கூப்பிட்டாள்.

“என்னாங்க, இந்த வருசம் கத்திய எடுக்காதீங்க.”

“எந்தக் கத்தி?”

“செடிய வெட்டாதீங்க. அது தேயில இல்ல. போன வருசத்துக் கம்பு நுனியிலதான் மொட்டு உக்காந்திருக்கும். நீங்க வெட்டும்போது பூவத்தான் வெட்டுறீங்க.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“தொரசாணி சொல்லிக் குடுத்தது. கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்.”

“ரெண்டு தரம் வெட்டினேனே. பக்கத்துலதானே நின்ன?”

“நின்னேன்.”

“ஏன் சொல்லல?”

“பூக்கலேன்னா போகலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

ரயில் நகர்ந்தது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. பிளாட்பாரத்தில் நின்ற ஆட்கள் தங்களைத் திட்டியதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

அறைக்குத் திரும்பிய பிறகு அந்தச் செடியை வேரோடு பிடுங்கி ஏரியில் வீசவேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு வருஷம் என்னை முட்டாளாக நிற்கவைத்துப் பார்த்திருக்கிறாள். கூட்டி அள்ளிக் கொட்டியிருக்கிறாள். கோபம் தணியப் பல நாள் ஆயிற்று. தணிந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. அதுதான் கோபத்தைவிட மோசம். போவதற்காகச் சொல்லாமல் இருந்தவள், போகிற நேரத்தில் ஏன் சொன்னாள்? திரும்பி வர எண்ணம் இருப்பதாலா? இல்லை, இனி இவரால் என்னைப் பிடித்துவைக்க முடியாது, பூத்தாலென்ன பூக்காவிட்டாலென்ன என்றா? கேட்பதற்கு அவள் இல்லை. தனியாக இருந்தால் இப்படித்தான், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டு அரைத்துக்கொண்டிருப்போம். காலையில் ஒருமுறை சோறு வடித்து இரவுவரைக்கும் அதையே தின்றேன். ஒரு வாரம் முழுக்க நான் பேசியது கடைக்காரரிடமும் ரயிலில் கால் மிதித்தவனிடமும் மட்டும்தான். அஞ்சலை கூடையை இறக்கி வைத்து, “இன்னாண்ணா, அண்ணி இன்னும் வர்ல? அங்கியே குந்திகினாங்களா?” என்றாள். சிரிப்புக்குத்தான் கேட்டாள். நான் மீன் வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் வாசலில் இரண்டு கானாங்கெளுத்தி வாழை இலையில் கிடந்தது. ஆள் போய்விட்டாள்.

பொங்கல் நெருங்கியது. பனி விழுந்தது. என் கை அரிக்கத் தொடங்கியது. சிரிக்காதீர்கள், கவ்வாத்துக்காரன் கை என்னவென்று உங்களில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செடி கோணல் மாணலாக நாலு பக்கமும் கிளை விட்டு நின்றது. பார்க்கவே சகிக்கவில்லை. கத்தியை எடுத்துப் பக்கத்தில் போனேன். ஒவ்வொரு கம்பு நுனியிலும் தடித்த மொக்கு ஒன்று மூடிக்கொண்டு இருந்தது. இரண்டு வருஷமும் இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை. திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன், திரும்பி வந்தேன். கடைசியில் கை தாங்காமல் எஸ்தர் டீச்சரின் முன்வாசல் மருதாணி வேலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை முழங்கால் உயரத்துக்கு மேசைபோல வெட்டித் தள்ளினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

“ஐயோ, என்ன இது! மொட்டை அடிச்சிட்டீங்களே! யார் உங்களை இதைச் செய்யச் சொன்னது?”

“தழையும் டீச்சர்.”

“ரோட்ல போறவன் எல்லாம் என் ஹாலைப் பார்ப்பானே!”

“ஒரு மாசம் பொறுங்க.”

“இந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று அவர் தன் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். அது உண்மைதான்.

மொக்கு விரிந்து உள்ளேயிருந்து பச்சைக் கடுகைக் குவித்துவைத்த மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. நோய் என்று நினைத்தேன். நாள் செல்லச் செல்ல அந்தக் கடுகு ஒவ்வொன்றும் நாலு இதழாகப் பிரிந்தது. முதலில் வெளுத்த பச்சை. பிறகு ஓரத்தில் சிவந்தது. நீலமாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. நல்ல ரோஸ் நிறம். இந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, மண்ணும் எங்கள் தேயிலை மண் போலப் புளித்த மண் இல்லை. செடி என்ன செய்யும்? கிடைத்ததைக் குடித்து அந்த நிறத்தில் பூத்தது. மூன்று கொத்து. பூத்தது என்று சத்தம் போட்டுச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. தோல் ஷெட்டில் பக்கத்தில் வேலை செய்கிறவனிடம் சொன்னேன். “எவ்ளோக்குப் போகும்?” என்றான்.

அந்த வாரம்தான் தபால் அட்டை வந்தது. பேத்திக்குக் காய்ச்சல், விசாவை நீட்டிக் கேட்டிருக்கிறோம், வரத் தாமதமாகும் என்று மருமகன் எழுதியிருந்தான். வருவாள் என்றும் எழுதவில்லை, வரமாட்டாள் என்றும் எழுதவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணால் பார்க்கும்வரை அந்தப் பூ நிற்கவேண்டும் என்று முடிவு செய்தேன். வேலைக்குப் போகுமுன் தொட்டியைத் தூக்கிக் கிணற்றடிச் சுவரின் கிழக்கு நிழலில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிலும் கட்டிவிட்டுப் போவேன். எஸ்தர் டீச்சர் ஒருநாள் சபையிலிருந்து இரண்டு பெண்களை அழைத்துவந்து காட்டினார். “இந்த கிளைமேட்ல! நம்பவே முடியல” என்றார். வரவே வராது என்று சொன்னதை மறந்துவிட்டார். ஈஸ்டருக்கு ஆல்டரில் வைக்கக் கொடுங்கள் என்று கேட்டார்.

“தரமாட்டேன்.”

“கர்த்தருக்குத்தானே கேக்குறேன்?”

“அவருக்கு வேற பூ இருக்கு டீச்சர். என் வீட்டுக்காரிக்கு இது ஒண்ணுதான்.”

முகம் சுருங்கிப் போய்விட்டார். ஆனால் அந்தக் கோடை முழுவதும் கிணற்றுக் கயிறு வெளியேதான் கிடந்தது.

பாக்கியம் வந்தபோது பூ நிறம் கெட்டுப் பழுப்பாகிக் காகிதம் மாதிரி சலசலத்தது. உதிரவில்லை. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. காலை ரயிலில் இறங்கித் தகரப் பெட்டியோடு தானாகவே நடந்து வந்து நின்றாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். பேத்தி எப்படி என்றேன். சரசு ஜாடை என்றாள். பெட்டியை இறக்கி வைத்ததும் நேரே கிணற்றடிக்குப் போனாள். சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

“பூத்துச்சா?”

“பூத்துச்சு. ரோஸ் கலர்ல பூத்துச்சு. தெருவே வந்து பார்த்துச்சு. நீதான் பார்க்கல.”

அவள் காய்ந்த கொத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். எவ்வளவோ திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்தேன்.

“பூத்தா இங்கதான்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“அதுக்குத்தானே வந்திருக்கேன்” என்றாள். பிறகு, “புள்ள என்ன விடவே இல்லீங்க” என்றாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள், மகளையா பேத்தியையா என்று நான் கேட்கவில்லை.

என் கத்தியைக் கேட்டாள். கொடுத்தேன். காய்ந்த பூவைக் கிளையோடு வெட்டவில்லை. பூவுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு மொக்குக்கு மேலே மட்டும் வெட்டினாள். என் ஆயுளில் அவ்வளவு சின்னக் கவ்வாத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் பூக்காத கிளைகளில் இரண்டைத் தேர்ந்து வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, இரண்டு பால்மாவு டப்பாவில் மணலும் மண்ணும் கலந்து ஊன்றினாள்.

“ஒண்ணு நமக்கு. ஒண்ணு சரசுக்கு. அடுத்த தரம் போகும்போது கொண்டுபோகணும்.”

அடுத்த தரம் என்ற வார்த்தையை நான் கவனிக்காமல் இல்லை.

“அங்க இல்லாத பூவா? கொண்டுபோய் அங்க நட்டா இதுவும் நீலமாத்தான் பூக்கும்.”

“பூக்கட்டும். வேர் விட்டது இங்கதானே?”

வேலைக்கு நேரமாகிவிட்டது. ரயிலைப் பிடிக்க ஓடினேன். அன்று பெட்டியில் கூட்டம். என் நாற்றத்துக்கு ஒதுங்க யாருக்கும் இடமில்லை, எல்லோரோடும் ஒட்டி நின்றுகொண்டு போனேன்.

அந்த இரண்டு டப்பாவும் இப்போது கிணற்றடியில் இருக்கின்றன. இரண்டும் துளிர்த்துவிட்டன. எது போகிறது, எது இருக்கிறது என்று பாக்கியம் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தலை தொங்குகின்றன. சாயந்தரம் வந்ததும் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.